கோபம் என்று மாட்டிய முகம்

ஜூன் 3, திங்கள்

பின்கட்டை வாடகைக்கு விட்டது தவறு என்று இப்போது தோன்றுகிறது. வடிவுதான் வற்புறுத்தினாள். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பாளையங்கோட்டையில் நான் தனியாக இருப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என் மகள். வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கட்டும் என்றாள். இன்று முதல் அது தேவைக்கு மேலேயே இருக்கிறது.

குடிவந்திருப்பவள் பெயர் பியூலா. முப்பத்தைந்து வயது இருக்கலாம். சேலையில் ஊசி குத்தத் தெரியவில்லை. தத்தித் தத்தி நடக்கிற பிள்ளைகளுக்கும், ஆட்டிசம் போன்றவை உள்ள கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கும் வகுப்பு எடுக்கிறாள். என்ன பாடம் என்று கேட்டேன். எழுத்தா, கணக்கா, பாட்டா?

"மனசுக்குள்ள என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்லப் பழக்குதேன்மா. கோபம், பயம், சந்தோஷம், வருத்தம்."

எங்கள் கான்வென்ட்டில் இதற்கு நேர்மாறாகத்தான் பழக்கினார்கள். காலைப் பிரார்த்தனையில் சிஸ்டர் வரிசையாக எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே வருவார். சீருடைக்கு இஸ்திரி போடுவது போல முகத்துக்கும் போட்டிருக்க வேண்டும். அழுதிருந்தால் கழுவிவிட்டு வர வேண்டும். அப்படி வளர்ந்ததால்தான் என் கணவர் இறந்த அன்று வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் காபி சரியான சூட்டில் கிடைத்தது.

ஜூன் 5, புதன்

அடுக்களை ஜன்னலில் நின்றால் பின்கட்டு முழுவதும் தெரிகிறது. நான் ஒளிந்து பார்க்கவில்லை. பாத்திரம் துலக்குகிற இடம் அங்கேதான் இருக்கிறது.

சுவரில் கொக்கிகள் அடித்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. கொக்கிகளுக்கு மேலே நிறக் காகிதம் ஒட்டி, சிவப்பு கோபம், நீலம் வருத்தம், மஞ்சள் சந்தோஷம், சாம்பல் பயம் என்று வைத்திருக்கிறாள். கொக்கிகளில் வரைந்த பொம்மை முகங்கள் தொங்குகின்றன. மூலையில் துணியால் ஒரு சின்னக் கூடாரம். கத்துகிற பிள்ளையை அதற்குள் அனுப்புகிறாள். இருட்டறையில் அடைக்கிற தண்டனைக்குப் பூப்போட்ட துணி போர்த்திவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறாள் போலிருக்கிறது.

மூன்று வயதுப் பையன் ஒருவன், தன் பொம்மையை யாரோ பிடுங்கியதற்காக அலறினான். அதட்டவில்லை, என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை. அவன் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, "உனக்குக் கோபம் வந்திருக்கு" என்றாள். அவ்வளவுதான். பிறகு சும்மா இருந்தாள். பையனும் கொஞ்ச நேரத்தில் சும்மா ஆனான். இதில் ஏதோ சூது இருக்கிறது.

ஜூன் 8, சனி

ஒரு பிள்ளை தலையணையை ஓங்கி ஓங்கிக் குத்தியது. பியூலா பக்கத்தில் நின்று, இன்னும் குத்து என்று உற்சாகப்படுத்தினாள். பதினொரு மாத ஒப்பந்தம். தக்க காரணம் காட்டினால் முன்னதாகவே காலி செய்யச் சொல்லலாம் என்று அதில் இருக்கிறது. காரணம் சேர்ந்துகொண்டே வருகிறது.

ஜூன் 11, செவ்வாய்

பீரோ சாவியைக் காணவில்லை. காலையிலிருந்து தேடினேன். மத்தியானம் பேச்சி அதை அரிசி டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பேச்சி வீட்டு வேலைக்கு வருகிறவள், பத்து வீட்டுக்கும் அவசரமாக ஓடுகிறவள்.

"அரிசிக்குள்ள போட்டுட்டு எங்கிட்ட கேக்கியளே ஆச்சி" என்று சிரித்தாள்.

நான் எதற்குச் சாவியை அரிசிக்குள் போட வேண்டும்? பின்கட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் கேட்டு அடுக்களை வரை வருகிறார்கள். இனி அடுக்களைக் கதவைத் தாழிட வேண்டும்.

ஜூன் 12, புதன்

பீரோ சாவியைக் காணவில்லை. பேச்சியிடம் கேட்டேன். அவள் என்னையே ஒரு மாதிரி பார்த்துவிட்டு, என் இடுப்பைக் காட்டினாள். இருந்தது. பார்க்கிற பார்வையே சரியில்லை. அவளையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

அந்தப் பெண்குழந்தை என்னை வேவு பார்க்கிறது.

பெயர் பூரணி. ஆறு வயது. ஒரு சொல்லுக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசாது. கைகளை உதறிக்கொண்டே இருக்கும், சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும். இப்படிப்பட்ட பிள்ளைகள் முகத்தை ஏறிட்டுப் பார்க்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இது வகுப்பில் யாரையும் பார்ப்பதில்லை. ஆனால் நான் முற்றத்தில் துணி எடுக்கப் போனால் நின்று என் முகத்தையே பார்க்கிறது. நானும் பார்த்தேன். கண்ணைத் தாழ்த்தவில்லை.

அதன் தாய் சண்முகக்கனி ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். இதற்கு முன் இரண்டு இடங்களில் சேர்த்துப் பார்த்தாளாம். அங்கெல்லாம் பிள்ளை தன் தலையிலேயே அடித்துக்கொள்ளுமாம். "இங்க வந்த பொறவுதான் ஆச்சி அடிக்காம இருக்கா. பசிக்குன்னு சொல்லுதா. நேத்து எங்கிட்ட வந்து 'வருத்தம்'னு சொன்னா. நான் உக்காந்து அழுதுட்டேன்" என்றாள்.

என்னை ஆச்சி என்று கூப்பிட்டால் பிடிக்காது. சொல்லியும் திருந்துவதில்லை. அழுததைப் போய் இப்படிப் பெருமையாகச் சொல்ல வேண்டுமா?

ஜூன் 14, வெள்ளி

அரக்குப் பட்டுச்சேலையின் மடிப்பு கலைந்திருக்கிறது. கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுகிற சேலை. ஓரத்தில் மண் ஒட்டியிருக்கிறது. யாரோ பீரோவைத் திறந்திருக்கிறார்கள். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. ஆகவே இன்னொரு சாவி செய்திருக்கிறார்கள்.

ஜூன் 17, திங்கள்

இன்று கையும் களவுமாகப் பிடித்தேன்.

வகுப்பு முடிந்ததும் பின்கட்டைப் பார்வையிடப் போனேன். வீட்டுக்காரிக்கு அந்த உரிமை உண்டு. சுவரில் பொம்மை முகங்கள் போய், மனிதர்களின் புகைப்படங்கள் தொங்கின. பிள்ளைகளை ஏற்றி வருகிற ஆட்டோக்காரர் சிரிக்கிறார். சண்முகக்கனி கண்ணைத் துடைக்கிறாள். சிவப்புக் காகிதத்தின் கீழே நான்.

என் முகம். பெரிதாக. கோபம் என்கிற கொக்கியில்.

என்னைக் கேட்காமல் என்னைப் படம் எடுப்பது, அதையும் நாலு பேர் பார்க்க மாட்டி வைப்பது. பியூலாவைக் கூப்பிட்டு, போலீசுக்குப் போவேன் என்றேன். அவள் பதறவில்லை. வரைந்த முகங்கள் பூரணிக்குப் புரியவில்லையாம். அன்றாடம் பார்க்கிற நிஜ மனிதர்களின் முகம் என்றால்தான் பிடிபடுகிறதாம். அதனால் எல்லோரிடமும் கேட்டுத்தான் எடுத்தாளாம்.

"உங்கள்ட்டயும் கேட்டுத்தான்மா எடுத்தேன். இரு, நல்ல சேலை கட்டிட்டு வாரேன்னு நீங்கதான சொன்னிய? சிரிக்கிற மாதிரி ஒண்ணு எடுக்கலாம்னுதான் நெனச்சேன். நீங்க வந்து நிக்கையில மொகம் அப்படி இருந்துச்சு. சரி, கோபத்துக்கு ஆகும்னு வச்சுக்கிட்டேன். தப்புன்னா எடுத்துருதேன்."

மறுபடி பார்த்தேன். அரக்குப் பட்டுச்சேலை. மார்பில் கான்வென்ட் பழைய மாணவியர் சங்கத்தின் ஊசி. நேராக நிற்கிறேன், கேமராவைப் பார்த்துக்கொண்டு.

இந்தக் காலத்தில் போனை வைத்து யாருக்கு எந்தச் சேலையை வேண்டுமானாலும் கட்டிவிடலாம்.

படத்தை எடுக்கச் சொல்லவில்லை. இருக்கட்டும். சாட்சிக்கு ஆகும்.

ஜூன் 18, செவ்வாய்

பால் பொங்கி அடுப்பு முழுக்கக் கருகிவிட்டது. பின்கட்டில் போடுகிற கூச்சலில் எதைக் கவனிப்பது?

ஜூன் 20, வியாழன்

காலையில் தலைக்குக் குளித்தேன். பேச்சியை நிற்க வைத்துக் கொடியைத் துடைக்கச் சொன்னேன். மத்தியானத்துக்கு மேல் சாரல் விழுந்தது, குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழும். நான்கு மணிக்கு வாசலுக்குப் போனேன், அவர் கிளப்பிலிருந்து வருகிற நேரம். மழையில் நனைந்துவிடக் கூடாதே என்று தெருமுனை வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். டீ போட்டேன். இரண்டாவது கப் ஆறிப்போயிற்று.

அப்போதுதான் கூச்சல். பூரணியைக் காணோம். கேட் விரியத் திறந்து கிடந்தது. பியூலா செருப்பில்லாமல் ஓடினாள். பிள்ளை பேருந்து நிறுத்தம் தாண்டி, சாலை நடுவில், கைகளை உதறியபடி நின்றதாம். ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கிப் பிடித்திருக்கிறார்.

சண்முகக்கனி கடையிலிருந்து வந்து சேர்ந்ததும் முற்றத்தில் நின்று கத்தினாள். "லாரி ஏறியிருந்தா யாரு பதில் சொல்லுவா? நீங்க சொல்லுவியளா டீச்சர்? உங்கள நம்பித்தான விட்டுட்டுப் போனேன்." பியூலா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மற்ற பெற்றோர்களும் வந்துவிட்டார்கள். கேட்டைத் திறந்து போட்டது யார் என்று என்னிடம் கேட்டார்கள். வகுப்பில் உதவிக்கு இருக்கிற பெண் அடிக்கடி வெளியே போய் வருவாள் என்று சொன்னேன். அது உண்மைதான். அடிக்கடி போகிறாள்.

தக்க காரணம் கிடைத்துவிட்டது.

ஜூன் 21, வெள்ளி

தூக்கம் வரவில்லை. இரண்டாவது கப் யாருக்குப் போட்டேன்?

ஜூன் 24, திங்கள்

பாதிப் பிள்ளைகள் வரவில்லை. காலி செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பியூலா படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். மாதக் கடைசியில் போய்விடுவதாகச் சொன்னாள். சண்டை போடுவாள் என்று தயாராகப் போயிருந்தேன்.

உதவிக்கு இருந்த பெண்ணைப் பெற்றோர்கள் பேசிய பேச்சில் அவள் நின்றுவிட்டாளாம். பூரணி வீட்டில் மறுபடி தலையில் அடித்துக்கொள்கிறதாம். பேச்சி சொன்னாள். நான் கேட்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

பியூலா முன்கட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அம்மா, நான் யார்ட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஆனா உங்கள்ட்ட கேக்கணும். அன்னைக்கு நாலு மணிக்கு நீங்க தெருமொனைல நின்னிய. நான் பாத்தேன். யாரத் தேடுனிய?"

எனக்குத் தெருமுனையில் என்ன வேலை என்று கேட்டேன். வீட்டுக்காரியிடம் பேசுகிற முறை இதுவல்ல என்றும் சொன்னேன். அவள் போகிற போது, வகுப்பில் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரலில், "ஒத்தையா இருக்கது கஷ்டமா இருக்கும்மா" என்றாள். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

என்ன துணிச்சல். வடிவிடம் ஏதாவது போனில் சொல்லியிருப்பாளோ? இருவரும் சேர்ந்துதான் இதையெல்லாம் செய்கிறார்களோ? வீட்டை விற்கச் சொல்லி என்னைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது வடிவின் பழைய ஆசை.

ஜூன் 29, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் பெற்றோர்கள் எல்லோரும் வந்தார்கள். வகுப்பு மூடுகிறது, பிள்ளைகள் இதுவரை என்ன கற்றிருக்கிறார்கள் என்று காட்டிவிட்டு அனுப்பிவைக்கிறேன் என்று பியூலா கூப்பிட்டிருந்தாள். சுவரில் அடித்த கொக்கிகளைக் கழற்றித் துளைகளைப் பூசுவது பற்றிப் பேச நானும் போயிருந்தேன். எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். சண்முகக்கனி பியூலாவின் முகத்தைப் பார்க்காமல் கடைசியில் நின்றாள்.

சின்னப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து, பியூலா நடித்துக் காட்டிய முகத்துக்குப் பெயர் சொல்லின. ஒன்று எல்லாவற்றுக்கும் சந்தோஷம் என்றது. கடைசியில் பூரணி. புகைப்படங்களைக் கலைத்து அதன் கையில் கொடுத்தார்கள். ஆட்டோக்காரரை மஞ்சளில் மாட்டியது. தன் தாயை நீலத்தில் மாட்டியது. என் படம் வந்தது. அதை ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தது. திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு போய்ச் சாம்பல் நிறக் காகிதத்தின் கீழே மாட்டியது.

"பயம்" என்றது.

யாரோ சிரித்தார்கள். சண்முகக்கனி ஓடி வந்து, "இல்லட்டி, ஆச்சி கோவமா இருக்காவ. இது செவப்பு" என்று படத்தை மாற்றி மாட்டினாள். பூரணி அதை எடுத்து மறுபடி சாம்பலில் மாட்டியது. பியூலாவும் அருகில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, இது கோபம்டா, நாம படிச்சோம்ல என்றாள். மறுபடி சிவப்பு. மறுபடி சாம்பல். பிள்ளையின் கை உதற ஆரம்பித்தது. பயம், பயம் என்று சொல்லிக்கொண்டே தன் தலையில் அடித்துக்கொண்டது. ஒரு தந்தை பக்கத்திலிருந்தவரிடம், பாவம், இதுகளுக்கு இதெல்லாம் எங்கே வரப்போகிறது என்றார்.

நான் எத்தனையோ வருடங்கள் கான்வென்ட்டில் வினாடி வினாப் போட்டிக்கு நடுவராக இருந்தவள். பெரிய மனிதர் வீட்டுப் பெண் தப்பாகச் சொன்னால் தப்பு என்றுதான் போட்டிருக்கிறேன். ஆயாவின் மகள் சரியாகச் சொன்னால் சரி. ஒரு குழந்தை சரியான விடையைச் சொல்ல, எல்லோருமாகச் சேர்ந்து அதை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்கள். தான் சொன்னது தவறு என்று நம்பி அது வீட்டுக்குப் போகும். இனி ஒரு முகத்தையும் தன் கண்ணை நம்பிப் படிக்காது.

அந்தப் படத்தை எப்போது எடுத்தார்கள் என்று எனக்கு இன்றும் நினைவில்லை. ஆனால் அந்த முகத்தை எனக்குத் தெரியும். குளியலறைக் கண்ணாடியில் அதைச் சில காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எழுந்து நின்றேன். "அவ சொன்னது சரி" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. கையைத் தட்டி மறுபடி சொன்னேன். "பூரணி சொன்னதுதான் சரி. நான் கோபமா இல்ல. பயந்துபோய் நிக்கேன்."

பியூலா என்னைப் பார்த்தாள். எதற்குப் பயம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் சும்மா இருந்ததால் நானே சொல்ல வேண்டியதாயிற்று. பட்டுச்சேலையை எதற்காகக் கட்டிக்கொண்டு வந்தேன் என்று படம் எடுத்த அந்த நேரத்தில் எனக்குத் தெரியாமல் போயிருக்க வேண்டும், எதிரே நிற்பவள் யார் என்பதும்கூட, என்றேன். சாவியை, பாலை, எல்லாவற்றையும் சொன்னேன். பாதி விடை எழுதிவிட்டு எழுந்து போகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே கேட் விஷயத்தையும் சொன்னேன்.

"அன்னைக்கு கேட்டத் திறந்து போட்டது நான். கிளப்புலருந்து அவர் வருவார்னு பாக்கப் போனேன்."

அவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதையும் சொன்னேன். முகத்தை எப்படி வைத்திருந்தேன் என்று தெரியவில்லை.

சண்முகக்கனி முகம் சிவந்து என் முன்னால் வந்தாள். அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்தேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? நான் டீச்சர என்ன பேச்சுப் பேசிட்டேன். எம்பிள்ள போயிருக்கும் ஆச்சி."

"ஆமா" என்றேன். மன்னிப்புக் கேட்டேன், அவளிடமும் பியூலாவிடமும். அவள் சரி என்று சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், ஆறு வயதுப் பிள்ளையை. அதற்குள் பூரணி தலையில் அடிப்பதை நிறுத்தியிருந்தது. தாயின் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்தது. என் படம் சாம்பல் நிறத்தின் கீழே தொங்கியது. இந்த முறை யாரும் அதை மாற்றவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

காலி செய்யச் சொன்ன கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். சண்முகக்கனி ஒரு நிபந்தனையோடு பிள்ளையை அனுப்புகிறாள். கேட்டுக்குப் பூட்டு போட வேண்டும், சாவி பியூலாவிடம் இருக்க வேண்டும், என்னிடம் அல்ல. என் வீட்டுக் கேட்டின் சாவி. சம்மதித்தேன். உதவிக்கு இருந்த பெண்ணின் வீட்டுக்கு ஆட்டோவில் போய், அவள் தாயின் முன்னால் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நாளை வேலைக்கு வருகிறாள்.

பேச்சியிடம், நான் எதையாவது மாற்றி வைத்தால் சிரிக்காமல் சொல்லு என்றேன். "சிரிக்காம எப்படி ஆச்சி சொல்ல?" என்றாள். சரி, சிரித்துக்கொண்டே சொல்லட்டும்.

சாயங்காலம் வடிவு போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வாள். எப்படிம்மா இருக்க என்று கேட்பாள், நன்றாக இருக்கிறேன் என்பேன், அங்கே வெயில் எப்படி என்பேன், முடிந்துவிடும். இன்றும் அப்படியே கேட்டாள். போனோடு போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அம்மா, அம்மா என்றாள்.

"வடிவு, எனக்குப் பயமா இருக்கு."

நாற்பத்தெட்டு வயதுக்காரி, பெரிய அலுவலகத்தில் அதிகாரி. அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. சின்ன வயதில் அவள் அழுதால் முகம் கழுவிவிட்டு வரச் சொல்லுவேன். போனில் என்ன செய்வதென்று தெரியவில்லை. பியூலா பிள்ளைகளிடம் சொல்வதுதான் வாயில் வந்தது.

"உனக்கு வருத்தமா இருக்கு" என்றேன்.

"ஆமாம்மா" என்றாள்.

போனை வைக்காமல் இருந்தேன்.